முயலுக்கும் ஒரு கட்டளை

சித்திரைத் தேர் நிலைக்கு வந்து நான்கைந்து நாள்தான் ஆகியிருந்தது. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெரு, திருவிழாக் கூட்டம் வடிந்த அயர்ச்சியில் கிடந்தது. பக்கத்து வீட்டுப் பெண் ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து எங்கள் திண்ணையில் வைத்தாள். “மாமா, லீவுக்குப் பெங்களூர் போறோம். ஒரே ஒரு வாரம் இதைப் பாத்துக்கோங்கோ.” பெட்டிக்குள் ஒரு வெள்ளை முயல். அவள் பையனின் பிறந்தநாளுக்கு வாங்கியது. கூடவே ஒரு பிஸ்கட் பொட்டலமும் நாலு கேரட்டும் இருந்தன.

ஏதோ எனக்குத் தெரிந்த மட்டும் பார்த்துக்கொண்டேன். மாடியில் தகரக் கொட்டகை நிழலில் பெட்டியை வைத்தேன். பிஸ்கட் கொடுத்தேன், கேரட் கொடுத்தேன், ஒருநாள் தயிர்சாதமும் பிசைந்து வைத்தேன். நான்காம் நாள் அது எதையும் தொடவில்லை. வெயில் அசதி என்று நினைத்து விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் மூலையில் உடம்பைக் குறுக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தது. ஆறாம் நாள் காலையில் ஆட்டோ பிடித்து ஒரு கால்நடை மருத்துவரிடம் எடுத்துப்போனேன். அவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “முந்தாநாளே கொண்டுவந்திருக்கணும் சார்” என்றார். திரும்பும் வழியில், காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் அது இறந்துவிட்டது.

ஊரிலிருந்து திரும்பிய பையனிடம் நானே சொன்னேன். அவன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். “அது அழுததா மாமா?”

அழவில்லை. முயல் அழாது. அதைப் பிடித்துத் தின்னப் பல உயிர்கள் இருப்பதால், வலி இருக்கிறது என்று காட்டிக்கொள்ளாமலே வாழப் பழகிய பிராணி அது. பெரும்பாலும் குரல் எழுப்பாது, நொண்டிக் காட்டாது. தின்பதை நிறுத்தும், அவ்வளவுதான். அந்த ஒரே அடையாளத்தை நான் வெயில் அசதி என்று தள்ளிவிட்டேன். எனக்குத் தெரியாமல் போனதால் ஓர் உயிர் போயிற்று. அதைத் தெரிந்துகொள்ளப் புறப்பட்டதில் கிடைத்தவற்றை ஊராரிடம் சொல்லியாக வேண்டும்.

கடைகளில் விற்கிற முயலும் நம் காட்டு முயலும் ஒன்றல்ல. பச்சைமலை அடிவாரத்திலும் துறையூர், மணப்பாறைப் புதர்க்காடுகளிலும் ஓடுகிறது பாருங்கள், கழுத்தின் பின்புறம் கறுத்த முயல், அது இந்த மண்ணின் உயிர். வளை தோண்டாது. புல் மறைவில் குட்டி போடும். குட்டி பிறக்கும்போதே மேலெல்லாம் ரோமம் இருக்கும், கண் திறந்திருக்கும். அதை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கடைக் கூண்டில் இருக்கும் வெள்ளை முயல் ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கத்துக் குழிமுயலின் வழிவந்தது. அதன் குட்டிகள் கண் திறக்காமல், ரோமமின்றி, முழுக்கத் தாயை நம்பிப் பிறக்கும். பல நூற்றாண்டுகளாகக் கூண்டில் வளர்ந்த இனம். ‘கொள்ளிடக் கரையில் நல்ல புல் இருக்கிறது, அங்கே விட்டுவிட்டோம், சுதந்திரமாக இருக்கட்டும்’ என்று சொல்லும் அன்பர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வெள்ளை நிறம் எந்தப் புதரிலும் மறையாது. பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே நாயோ கீரியோ பருந்தோ அதன் கணக்கை முடித்துவிடும்.

அடுத்து வெயில். முயலுக்கு நம்மைப்போல் வியர்க்காது. உடம்பின் சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கும் பெரிய வழி அந்த நீண்ட காதுகள்தான். 30 டிகிரியைத் தாண்டினாலே தவிக்கத் தொடங்கும் பிராணியை, அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தொடும் திருச்சியில் தகரக் கொட்டகையின் கீழ் வைத்தால் என்ன ஆகும்? வைத்தவன் நான், அதனால் சொல்கிறேன். ஈரச் சாக்கு, மண்பானை நிழல், ஓடும் காற்று, தரையில் பதித்த கல். இவற்றில் ஒன்றாவது இருந்திருந்தால் போதும். பானையைப் படுக்கவைத்து ஈரமணலில் பாதி புதைத்தால் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும் என்பதைப் பிறகுதான் கற்றேன்.

சாப்பாட்டு விஷயத்தில் நம் வீடுகள் செய்யும் பிழை இதைவிடப் பெரிது. முயல் என்றால் கேரட் என்று படக்கதைகள் நமக்குச் சொல்லிவைத்திருக்கின்றன. கேரட்டில் சர்க்கரை அதிகம், எப்போதாவது ஒரு துண்டு தரலாம். முயலின் உணவில் பெரும்பகுதி, ஐந்தில் நான்கு பங்கு என்றே வைத்துக்கொள்ளலாம், நார்மிகுந்த உலர்ந்த புல்லாக இருக்க வேண்டும். அதன் முன்பற்கள் வாரத்துக்கு 2, 3 மில்லிமீட்டர் வளர்ந்துகொண்டே இருக்கும். புல்லை அரைத்து அரைத்துத்தான் அவை தேய வேண்டும். சோறும் பிஸ்கட்டும் தின்கிற முயலுக்குப் பல் தேயாது. வளைந்து வளர்ந்து கன்னத்தையும் நாக்கையும் குத்தும். குடலும் அப்படித்தான். நார் உள்ளே போய்க்கொண்டே இருந்தால்தான் அது இயங்கும். வாந்தியெடுக்கவும் முயலால் முடியாது. அரைநாள் பட்டினி கிடந்தாலே குடல் நின்றுபோகத் தொடங்கும், ஒருநாள் ஆகிவிட்டால் உயிருக்கே ஆபத்து. என் திண்ணைக்கு வந்த முயல் செத்தது இதனால்தான்.

வெளிநாட்டுப் புல்லைப் பொட்டலத்தில் வாங்கித்தான் போட வேண்டும் என்பதில்லை. நம்மூரில் அருகம்புல் இருக்கிறது, கொழுக்கட்டைப் புல் இருக்கிறது. நம் தீவன நூல்களில் ‘முயல் மசால்’ என்று பெயர் சூட்டப்பட்ட ஒரு பயறுவகைத் தீவனச் செடியே இருக்கிறது. மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டால் ஆண்டுக்கணக்கில் அறுக்கலாம். குதிரை மசாலையும் வேலி மசாலையும் அளவோடு சேர்க்கலாம். காந்தி மார்க்கெட்டில் ஒவ்வொரு விடியலிலும் கழித்துப் போடும் கொத்தமல்லிக் கட்டு, முள்ளங்கித் தழை, கேரட்டின் மேல்தழை ஆகியவற்றில் அழுகாததைப் பொறுக்கினாலே நூறு முயல்களுக்குக் கீரை ஆயிற்று. புல்லும் கீரையும் விளைகிற காவிரிக் கரையில் ஒரு முயல் பிஸ்கட் தின்று சாவதை என்னால் இன்றைக்கும் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இரண்டு முயல் வாங்கினால் ஒன்றுக்கொன்று துணையாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்வார். அது உண்மைதான், முயல் கூட்டமாக வாழும் பிராணி. ஆனால் குட்டியாக இருக்கும்போது ஆண், பெண் பார்த்துச் சொல்வது பழகிய கைக்கே கடினம். நாலைந்து மாதத்தில் அவை பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒரே மாதம். குட்டி போட்ட அன்றே மறுபடியும் சினை பிடிக்கும். மார்கழியில் வாங்கிய இரண்டு, ஆடிக்குள் இருபதாகும். அப்போதுதான் வீட்டில் நாற்றம் பற்றிய பேச்சு எழும், வயர் கடிபட்டது பற்றிய பேச்சு எழும், வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். பிறகு அட்டைப்பெட்டி, இரவு நேரம், ஆற்றங்கரை.

இப்படி விடுவது குற்றம் என்பது பலருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம், பசியாலோ தாகத்தாலோ துன்பப்படும் நிலையில் ஒரு விலங்கைக் கைவிடுவதைக் கொடுமை என்றே சொல்கிறது. இந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். சட்டம் பெரியது, தண்டனையோ முதல் குற்றத்துக்கு 10 முதல் 50 ரூபாய் அபராதம். அன்றைய 50 ரூபாய்க்கு ஒரு பெறுமதி இருந்தது. இன்று அந்தத் தொகை யாரையும் தடுக்காது. 2018இல் செல்லப்பிராணிக் கடைகளுக்கென்றே தனி விதிகள் வந்தன. மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவுசெய்யாமல் கடை நடத்தக்கூடாது. உங்கள் தெருக்கடையில் கூண்டோடு முயல் விற்கிறவரிடம் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

அந்த முயல் உயிரோடு இருந்திருந்தாலும் அடுத்த கேள்வி ஒன்று இருந்தது. பெங்களூர் போய்த் திரும்பிய குடும்பம் அதை வேண்டாம் என்று சொல்லியிருந்தால் நான் எங்கே கொண்டுபோயிருப்பேன்? பலரிடம் விசாரித்தேன். நாய்க்கு இடம் சொன்னார்கள், மாட்டுக்கு இடம் சொன்னார்கள். முயலுக்கு ஓர் இடத்தை எனக்கு யாரும் சொல்லவில்லை.

இந்த ஊர் விலங்குகளிடம் அன்பில்லாத ஊரா? சேவலொன்று யானையை எதிர்த்து வென்ற மண் என்று உறையூருக்குக் கோழியூர் என்றே பெயர் வைத்த ஊர் இது. சிலந்தியும் யானையும் போட்டிபோட்டுப் பூசை செய்த கதையைத் திருவானைக்கா கோயிலில் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்கிறோம். மேலூரில் 25 ஏக்கரில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா 2015 முதல் இருக்கிறது. கம்பரசம்பேட்டையில் 2025இல் பறவைகள் பூங்கா திறந்தார்கள். நம் கோயில் கோசாலைக்கு அகத்திக்கீரைக் கட்டோடு போகிறவர்கள் எத்தனை பேர்! எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுகனூர் பக்கம் எம்.ஆர்.பாளையம் காப்புக்காட்டில் வனத்துறை நடத்தும் யானைகள் மறுவாழ்வு மையம். 2019இல் தொடங்கிய இந்த மையத்தைப் பற்றி நம்மூர்க்காரர்களே அதிகம் பேசுவதில்லை என்பது எனக்கு வருத்தம்.

அங்கே என்ன நடக்கிறது என்பது நான் சொல்ல வரும் விஷயத்துக்கு மிக முக்கியம். காஞ்சி காமாட்சி அம்மன் கோயிலோடு தொடர்புடைய சந்தியா, இந்து, ஜெயந்தி என்ற மூன்று யானைகள் சென்னை உயர்நீதிமன்றத்தின் தலையீட்டால் அங்கு வந்து சேர்ந்தன. தனியாரிடமிருந்து மீட்கப்பட்ட யானைகளும் வந்தன. சங்கிலியில் நின்று நின்று நகம் பழுதடைந்த யானைகளுக்கு மண்தரையும் குளியலும் நடைப்பயிற்சியும் கிடைத்தன. யாரும் அவற்றின் மேல் ஏறிப் படம் எடுத்துக்கொள்வதில்லை. ஆசீர்வாதம் செய்யச் சொல்லி நாணயம் கொடுப்பதில்லை. யானைகள் அங்கே யானைகளாக இருக்கின்றன. காப்பகம் என்ற சொல்லுக்கு இதுதான் பொருள். கண்காட்சிக்கூடத்துக்கும் காப்பகத்துக்கும் உள்ள வேறுபாட்டை எம்.ஆர்.பாளையத்தில் கற்கலாம்.

அன்பு என்று நினைத்து நாம் செய்வது விலங்குக்கு நன்மையாக முடியாமல் போவதற்கும் இந்த வட்டாரத்திலேயே சான்று இருக்கிறது. முதுமலைக் காட்டில் தனித்துக் கிடைத்த யானைக்குட்டி மசினி, பிறகு சமயபுரம் கோயிலுக்குத் தரப்பட்டது. 2018 மே மாதம், பக்தர்கள் நிறைந்திருந்த கோயிலுக்குள்ளேயே தன் பாகனைக் கொன்றது. சிகிச்சைக்குப் பிறகு அது முதுமலைக்கே திரும்பிப் போனது. ஒரு குடும்பம் தன் ஆதாரத்தை இழந்தது. யானைக்குட்டி கோயிலுக்கு வந்தபோது மகிழ்ந்த நாம், அதற்கு என்ன தேவை என்று கேட்கவில்லை. பிறந்தநாளுக்கு முயல் வாங்குகிற அப்பாவும் கேட்பதில்லை. அளவு வேறு, பிழை ஒன்றே.

யானைக்கு நீதிமன்றம் இருக்கிறது, பசுவுக்குப் பக்தர்கள் இருக்கிறார்கள், தெருநாய்க்காக வாதாடவும் ஆள் உண்டு. முயலுக்குத்தான் யாரும் இல்லை. அதற்கு ஒரு வழி சொல்கிறேன். அது ஒன்றும் புதிய வழியில்லை, இந்த ஊருக்கு நன்கு தெரிந்த வழி: கட்டளை.

கட்டளை என்றால் உத்தரவு என்று வெளியூர்க்காரர்கள் பொருள் கொள்வார்கள். ஸ்ரீரங்கத்தில் வளர்ந்தவர்களுக்கு அது ஒரு ஏற்பாடு. இன்ன நாளில், இன்ன சேவைக்கு, இன்னாருடைய பொறுப்பில் தொடர்ந்து நடக்கும் என்று எழுதிவைத்துவிட்டுப் போவது. ஸ்ரீரங்கம் கோயிலில் மட்டும் 600க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை இப்படிப்பட்ட கொடைகளையும் ஏற்பாடுகளையும் பேசுபவை. ஹொய்சளர் காலத்தில் இங்கே ஓர் ஆரோக்கியசாலை நடந்ததும் கொடையால்தான்.

சோழர் காலத்து விளக்குக் கொடையைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். நந்தா விளக்கு ஒன்று எரிய, பொதுவாக 90 அல்லது 96 ஆடுகள் கொடுப்பார்கள். அவற்றைப் பெற்றுக்கொள்ளும் மன்றாடி நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அந்த ஆடுகளுக்குக் கல்வெட்டு கொடுக்கும் பெயர் ‘சாவா மூவாப் பேராடு’. சாகாத, மூப்படையாத ஆடு. ஆடு சாகாமலா இருக்கும்? செத்ததன் இடத்தில் குட்டியைச் சேர்த்து, எண்ணிக்கை குறையாமல் காப்பது மன்றாடியின் கடமை. விளக்கு ஒருநாளும் அணையக்கூடாது என்றால் பணம் ஒரே தடவையில் வந்து நின்றுவிடக் கூடாது, ஊற்றுப்போல் சுரக்க வேண்டும் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குப் போட்டிருக்கிறார்கள். அங்கே ஆடுகள் ஒரு விளக்கைக் காத்தன. நான் கேட்பது, விளக்கைக் காத்த அதே ஏற்பாட்டை ஓர் உயிரைக் காக்கத் திருப்ப வேண்டும் என்பதுதான்.

மரபிலும் இதற்கு இடம் இருக்கிறது. திருவையாற்றில் அறம் வளர்த்த நாயகி செய்ததாகச் சொல்லும் 32 அறங்களின் பட்டியலில் பசுவுக்கு வாயுறை உண்டு, மாடு உடம்பைத் தேய்த்துக்கொள்ள ஆவுரிஞ்சு கல் நடுவது உண்டு, விலங்குக்கு உணவளிப்பது தனி அறமாகவே உண்டு. தினவெடுத்த மாட்டுக்குத் தேய்த்துக்கொள்ள ஒரு கல் வேண்டும் என்று யோசித்த சமூகத்துக்கு, பல் தேய முயலுக்குப் புல் வேண்டும் என்பது விளங்காதா?

இன்றைய வடிவமும் நம்மிடம் இருக்கிறது. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் விலங்குகளைத் தத்தெடுக்கும் திட்டம் நடக்கிறது. தத்தெடுக்கிறவர் விலங்கை வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. குறிப்பிட்ட காலத்துக்கு அதன் பராமரிப்புச் செலவை ஏற்கிறார், வருமான வரிச் சலுகையும் பெறுகிறார். நம் திருச்சியில் வளர்ந்த நடிகர் சிவகார்த்திகேயன் 2018இல் அனு என்ற வெள்ளைப் புலியை அப்படி ஏற்றார். செய்தி வந்ததும் எத்தனையோ பேர் அந்தத் திட்டத்தைப் பற்றி முதல்முறையாகக் கேள்விப்பட்டார்கள். புலிக்கும் சிங்கத்துக்கும் புரவலர் கிடைப்பது எளிது. சின்னஞ்சிறு உயிர்களுக்குத்தான் ஆள் தேவை.

கென்யாவில் ஷெல்ட்ரிக் அறக்கட்டளை, தாயை இழந்த யானைக்குட்டிகளை உலகெங்கும் உள்ள எளிய மனிதர்களின் ஆண்டுச் சந்தாவால் வளர்க்கிறது. முயலுக்கென்றே 1988இல் கலிஃபோர்னியாவில் ஒரு சங்கம் பிறந்தது. கைவிடப்பட்ட முயல்களை மீட்டு, கருத்தடை செய்து, நல்ல வீடு பார்த்துக் கொடுப்பது அதன் வேலை. அங்கே ஈஸ்டர் பண்டிகைக்குக் குழந்தைகளுக்கு முயல் வாங்கித் தந்துவிட்டுச் சில வாரங்களில் கைவிடுகிறார்கள். இங்கே பிறந்தநாள். சென்னையில் புளூ கிராஸ் 1959இல் தொடங்கியது. விமானியான சுந்தரமும் அவர் குடும்பமும் மழை வெள்ளத்தில் தவித்த நாய்க்குட்டிகளைத் தூக்கிவந்து தொடங்கிய வேலை இன்றும் நடக்கிறது.

கருத்தடையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பெண் முயலுக்குக் கருத்தடை செய்யாவிட்டால் நான்கைந்து வயதுக்குமேல் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மிக அதிகம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 8 முதல் 10, 12 ஆண்டுகள்கூட வாழக்கூடிய பிராணி, பாதி வழியிலேயே போய்விடுகிறது. முயலுக்கு மயக்க மருந்து கொடுப்பதும் அறுவை செய்வதும் நாய்க்குச் செய்வதைப் போன்றதல்ல, தனிப் பயிற்சி வேண்டும். நாய், பூனைக்குப் பழகிய சில மருந்துகளே முயலைக் கொன்றுவிடும். வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் வகை மருந்துகள் அதன் குடலைக் குலைக்கும். நாய் உண்ணிக்குத் தெளிக்கும் ஃபிப்ரோனில் அதற்கு நஞ்சு. கொட்டப்பட்டில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. கால்நடை வளர்க்கப் பயிற்சி தருகிற அதே இடத்தில், முயல் மருத்துவத்தில் ஆண்டுக்கு நான்கு இளம் மருத்துவர்களுக்குப் பயிற்சி தந்தாலே இந்த மாவட்டத்துக்குப் போதும்.

இதைப் படிக்கும் சிலர் மனத்தில் ஒரு கேள்வி எழும். மனிதர்களே பசியோடு இருக்கும்போது முயலுக்குப் புரவலரா? 1867இல் வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் மனிதர்களுக்குச் சோறு போடுகிறது. அந்த வள்ளலார்தான் எவ்வுயிரையும் தம் உயிர்போல் எண்ணச் சொன்னவர். மனிதருக்குச் சோறு போட்ட கை வேறு உயிருக்குச் சோறு போட மறுத்ததாக நான் எங்கும் பார்த்ததில்லை. முயலை இறைச்சிக்காக வளர்க்கிறார்களே என்பார்கள். வளர்க்கிறார்கள், அது ஒரு தொழில், அதைப் பற்றிய வழக்கு தனி. நான் பேசுவது, பெயர் வைத்து, மடியில் வைத்துப் படம் எடுத்து, பிறகு ஆற்றங்கரையில் விட்டுவிட்டுப் போன முயலைப் பற்றி. அதை ஏற்றுக்கொண்டவர்கள் நாம். பொறுப்பும் நம்முடையதே.

இன்னொரு கூட்டத்தையும் மறக்கக்கூடாது. கண்ணில் சொட்டும் எரிச்சல் சோதனை 1944 முதல் முயல்களின் கண்களிலேயே நடந்தது. முயலுக்குக் கண்ணீர் குறைவாகச் சுரக்கும் என்பதால், சொட்டிய ரசாயனம் கழுவிப்போகாமல் தங்கிவிடும். அழகுசாதனங்களுக்காக விலங்குகளில் சோதனை செய்வதை இந்தியா 2014இல் தடைசெய்தது. நம் முகப்பவுடருக்கும் ஷாம்புக்கும் அந்தக் கண்கள் கொடுத்த விலையை எண்ணிப் பார்த்தால், ஒரு கட்டுப் புல் பெரிய கைம்மாறு இல்லை.

உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது. கருணை எங்கே பணமாகிறதோ அங்கே கள்ளக் கூட்டமும் வந்துவிடும். 2012இல் பெருந்துறை ஈமு நிறுவனம் சரிந்தபோது நடந்ததை நாம் பார்த்தோம். முதலீட்டாளர்கள் பணத்தை இழந்தார்கள். இந்த மண்ணுக்குச் சம்பந்தமே இல்லாத அந்தப் பெரும் பறவைகள் தீவனமின்றிப் பட்டினி கிடந்தன. அரசு கால்நடைத் துறை தலையிட்டுத் தீவனம் போட வேண்டியதாயிற்று. பணம் நின்ற மறுநாளே கூண்டுக்குள் இருப்பவை பட்டினி கிடக்கும் என்பதை அன்று கண்ணால் கண்டோம். எனவே முயல் காப்பகம் என்று பெயர்ப்பலகை மாட்டியிருக்கும் எந்த இடத்துக்கும் பணம் கொடுக்கும் முன் நேரில் போய்ப் பாருங்கள். ஆணையும் பெண்ணையும் பிரித்து வைத்திருக்கிறார்களா? குட்டி இருக்கிறதா? இருந்தால் எப்படி வந்தது? குட்டி விற்கிற இடம் காப்பகம் ஆகாது. குழந்தைகள் தூக்கி விளையாடக் கட்டணம் வாங்குகிறார்களா? முயல் திமிறி உதைத்தால் அதன் முதுகெலும்பே முறியும், தூக்கிக் கொஞ்சவிடும் இடம் அதன் நலன் அறியாத இடம். வரவுசெலவைச் சுவரில் ஒட்டியிருக்கிறார்களா? மூன்று மாதப் புல்லுக்கான பணம் எப்போதும் கையிருப்பில் இருக்கிறதா? அந்த மூன்று மாதம் மிக முக்கியம். சாவா மூவாப் பேராட்டின் கணக்கு அதுதான்.

என் மனத்தில் இருப்பது பெரிய கட்டடம் ஒன்றும் இல்லை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இந்தத் தீவில் எத்தனையோ பழைய வீடுகளின் கொல்லையில் மாவும் வேம்பும் நிழல் பரப்பி நிற்கின்றன. நாலைந்து சென்ட் நிழல். நாய் தோண்டி நுழையாதபடி ஆழமாகப் புதைத்த கம்பிவேலி. ஆணுக்கு ஒரு பக்கம், பெண்ணுக்கு ஒரு பக்கம். புதைத்த பானைகள். ஓர் ஓரத்தில் முயல் மசால் பாத்தி. தினமும் காலை, மாலை வந்து கூட்டிப் பெருக்கிப் புல் போட ஒருவர். அவருக்கு நியாயமான சம்பளம். அதுவே செலவில் பெரும்பங்கு, அதில் கைவைக்கக்கூடாது. மாதம் ஒருமுறை மருத்துவர். ஒரு முயலுக்கு ஒருவர் என்று கூடப் புரவலர் வேண்டாம், ஒரு முயலுக்குப் பத்துப் பேர் சேர்ந்தால் பாரம் யாருக்கும் தெரியாது. ஒருவர் ஊர் மாறிப்போனாலும் ஒன்பது பேர் இருப்பார்கள். முயல் இறந்தால் உடனே தெரிவிக்க வேண்டும், மறைத்துவிட்டுப் பணம் வாங்கக்கூடாது. அதே கட்டளை அடுத்து வரும் முயலுக்குத் தொடரட்டும்.

அரசுக்கும் ஒரு வேண்டுகோள். கைவிடப்பட்ட, காயமடைந்த விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்கு உதவ 2022-23 ஆண்டில் தமிழக அரசு வள்ளலார் பல்லுயிர்க் காப்பகங்கள் என்ற திட்டத்தை 20 கோடி ரூபாயில் அறிவித்தது. பல்லுயிர் என்ற சொல் அந்தப் பெயரிலேயே இருக்கிறது. அதில் நாய், மாட்டோடு முயல், கினிப்பன்றி, கூண்டுப்பறவை போன்றவற்றுக்கும் திருச்சியில் ஓர் இடம் வேண்டும். மாநகராட்சி நினைத்தால் பறவைகள் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தில் சிறு பங்குகூடத் தேவைப்படாது. செல்லப்பிராணிக் கடைகளின் பதிவைக் கால்நடைத் துறை வீதிவீதியாகச் சரிபார்க்க வேண்டும்.

பெற்றோர்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த பிறந்தநாளுக்குப் பிள்ளை முயல் கேட்டால் கடைக்கு அழைத்துப்போகாதீர்கள். ஏற்கெனவே கைவிடப்பட்ட ஒரு முயலின் பெயரில் ஓராண்டுக்கு ஒரு கட்டளை எழுதுங்கள். மாதம் ஒரு ஞாயிறு பிள்ளையை அழைத்துப் போய், தள்ளி உட்கார்ந்து, அது புல் மெல்லுவதைப் பார்க்கச் சொல்லுங்கள். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தால் அதுவாகவே வந்து கையை முகரும். பக்கத்து வீட்டுப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. தன் கைச்செலவுப் பணத்தில் ஒரு பங்கைக் கேட்காமலே என்னிடம் கொண்டுவந்து தருகிறான். நானும் அவனும் சேர்த்துச் சென்னையில் ஒரு காப்பகத்துக்கு மாதாமாதம் அனுப்பிக்கொண்டிருக்கிறோம். திருச்சியில் ஓர் இடம் திறக்கிற அன்று அந்தக் கட்டளையை இங்கே மாற்றிக்கொள்வோம்.